உறவின் கொடையும் ஊரின் தேவையும்

லண்டன் ஆர்ச்வே நிலத்தடி ரயில் நிலையத்திலிருந்து ஹைகேட் மேட்டில் ஏறத் தொடங்கினால், சாலையோரத்தில் இரும்புக் கம்பி வேலிக்குள் ஒரு கல் நிற்கிறது. அதன் மேல் ஒரு கறுப்புப் பூனைச் சிலை. லண்டனில் பிழைக்க வழியில்லாமல் ஊர் திரும்பப் புறப்பட்ட ரிச்சர்ட் விட்டிங்டன் என்ற ஏழைச் சிறுவன், தேவாலய மணியோசை கேட்டு மனம் மாறித் திரும்பிய இடம் இது என்பது ஆங்கிலேயர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. வரலாற்றின் விட்டிங்டன் ஏழையல்ல. குளோஸ்டர்ஷயரின் நிலவுடைமைக் குடும்பமொன்றின் இளைய மகன். லண்டனில் பட்டும் துணியும் விற்று, மன்னர்களுக்கே கடன் கொடுத்து, நான்கு முறை நகரின் மேயராக இருந்தவர். 1423இல் பிள்ளைகள் இல்லாமல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் முதியோர் இல்லமும் நூலகமும் எழுந்தன. அந்த அறம் அறுநூறு ஆண்டுகள் கழித்து இன்றும் நடக்கிறது.

அதே கல்லிலிருந்து நடந்துபோகும் தொலைவில், ஆர்ச்வே சாலையில், ஹைகேட் முருகன் கோயில் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் முன்னின்று எழுப்பி 1986இல் திறந்த கோயில். 2002இல், அரியணை ஏறிய பொன்விழா ஆண்டில், இரண்டாம் எலிசபெத் அரசி வந்துபோனதும் இங்குதான். நாடு விட்டு வந்த ஒரு சமூகம் முதலில் கோயில் கட்டியது. அடுத்துத் தமிழ்ப் பள்ளி நடத்தியது. பிறகு ஊருக்குக் கொடுக்கத் தொடங்கியது. இக்கொடையின் மிகப் பரவலான வடிவங்களில் ஒன்று குடும்ப அறக்கட்டளை. அம்மா அப்பா பெயரில் பதிவாகும். அண்ணன் தலைவர், தங்கை பொருளாளர், மருமகன் செயலாளர். பணம் இலங்கையின் வடக்கு கிழக்கிலுள்ள பாடசாலைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் போகும். இந்த வழக்கம் எதைச் சாதிக்கிறது, எங்கே தவறுகிறது என்பதை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குறிப்பிட்ட எந்த ஒரு குடும்பத்தையும் எடைபோடுவதல்ல.

முதலில் அதன் வலிமைகள். பிரித்தானியச் சட்டம் இத்தகைய சிறு அமைப்புகளுக்கு இடம் கொடுக்கும் சட்டம். கல்வியை வளர்ப்பதும் வறுமையைப் போக்குவதும் அந்நாட்டில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அறநோக்கங்கள். அவற்றின் பயனாளி வெளிநாட்டில் இருந்தாலும் தடையில்லை. வருமான வரி கட்டும் ஒருவர் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு 100 பவுண் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் முறையில் அரசு இன்னும் 25 பவுண் சேர்க்கிறது. பதிலுக்கு அமைப்பு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பதிவேட்டை எவரும் திறந்து பார்க்கலாம்.

சட்டத்தைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு: நம்பிக்கை. போர்க்காலத்தில் புலம்பெயர்ந்தோரிடம் பல பெயர்களில் பணம் சேர்க்கப்பட்டது. கொடுத்தவருக்கு அது எங்கே போனது என்று கேட்கும் உரிமை எப்போதும் இருக்கவில்லை. 2001இல் பிரித்தானியா விடுதலைப் புலிகள் இயக்கத்தைத் தடைசெய்த பிறகு, வடக்கு கிழக்குக்கு அனுப்பும் எந்தப் பணத்தின் மீதும் வங்கிக்கும் அரசுக்கும் ஒரு கண் இருந்தது. 2009இல் போர் முடிந்தபோது கொடுக்கும் ஆசை பெருகியிருந்தது. பெரிய அமைப்புகள் மீதான நம்பிக்கையோ வற்றியிருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் குடும்ப அறக்கட்டளை வேர்விட்டது. சொந்தத் தங்கை கணக்குப் பார்க்கும் பணம் காணாமல் போகாது என்ற எளிய எண்ணம் அதன் அடித்தளம்.

வேகமும் அதன் பலம். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது, கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைக்க நேர்ந்தது. பெரிய நிறுவனமொன்று திட்ட அறிக்கை எழுதி, ஒப்புதல் வாங்கி, கேள்விப்பத்திரம் கோரி முடிக்கும் முன்பே, குடும்ப அறக்கட்டளையால் ஒரு தொலைபேசி அழைப்பில் கொப்பிகளை வாங்கிக் கொடுத்துவிட முடியும். சம்பளம் வாங்கும் அலுவலர் இல்லை. வாடகை அலுவலகம் இல்லை. கொடுப்பவருக்கு அந்தப் பாடசாலையின் மதிலும் மாமரமும் தெரியும். அதிபரின் பேச்சில் எது உண்மை, எது மிகை என்பதும் தெரியும். இந்த உள்ளறிவு எந்த நிபுணரிடமும் விலைக்குக் கிடைக்காது.

இத்தனை பலத்துக்கும் ஊற்று ஒன்றே: பற்று. கோளாறும் அங்கிருந்தே தொடங்குகிறது.

பற்று தான் அறிந்த இடத்துக்குத்தான் போகும். லண்டனில் வசதியாக வாழும் ஒருவர், பெரும்பாலும், ஊரில் நல்ல பாடசாலையில் படிக்கும் வாய்ப்புப் பெற்றவர். ஆகவே அவர் நினைவில் இருப்பதும் நல்ல பாடசாலைதான். யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு லண்டனில் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு; இராப்போசன விருந்து வைத்து நிதி திரட்ட அவற்றால் முடியும். முல்லைத்தீவின் உட்கிராமத்துப் பாடசாலைக்கும், மட்டக்களப்பில் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலுள்ள பாடசாலைக்கும், மலையகத் தோட்டப் பாடசாலைக்கும் லண்டனில் அப்படிச் சங்கம் அமைக்க யார் இருக்கிறார்கள்? கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் வராத இடங்கள் அவை. நினைவின் வரைபடமும் தேவையின் வரைபடமும் ஒன்றல்ல. முதல் வரைபடத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கப்படும் கொடை, ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் மேட்டில் இன்னும் மண் போடுகிறது.

ஆங்கிலேயச் சட்டம் இந்த ஆபத்தின் ஒரு முனையை முன்பே தொட்டிருக்கிறது. 1945இல் காம்ப்டன் என்பவரின் உயில் வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. குறிப்பிட்ட மூன்று பேருடைய வழித்தோன்றல்களின் கல்விக்கென்று வைக்கப்பட்ட நிதி அது. கல்வி நல்ல நோக்கம்தான். ஆனால் பயன்பெறுவோர் இரத்த உறவால் தேர்ந்தெடுக்கப்படுவதால் அது பொதுநலமாகாது என்று நீதிமன்றம் சொன்னது. 1951இல் பிரபுக்கள் சபை இதை இன்னும் விரித்தது. புகையிலை நிறுவனமொன்றின் ஊழியர்களுடைய பிள்ளைகளின் படிப்புக்கான நிதி, ஊழியர் தொகை ஒரு லட்சத்துக்கு மேல் என்றபோதும், அறக்கொடை ஆகாது என்றது. எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும், தனிப்பட்ட தொடர்பால் வரையப்பட்ட வட்டம் பொதுமக்கள் ஆகாது என்பது அதன் சாரம்.

ஊரின் பெயரால் கொடுத்தால் இந்தச் சட்டச் சிக்கல் எழாது. ஊர் என்பது பொதுமக்களின் ஒரு பகுதி. ஆனால் நம் ஊர் அமைப்பை அறிந்தவருக்கு இந்த விடை போதாது. யாழ்ப்பாணக் கிராமத்தில் ஒரு குறிச்சி என்பது பல இடங்களில் ஒரு சாதியினரின், ஒன்றுக்குள் ஒன்றான உறவினரின் குடியிருப்பு. ஒரு வாசிகசாலை யாருடையது, ஒரு கோயில் வீதியில் யார் நடப்பது என்பவை எழுதாச் சட்டங்களாக இருந்தவை. அரசு மானியம் பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்ற உத்தரவுக்கு 1929-30 காலத்தில் யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு, பாடசாலைகள் கொளுத்தப்படும் அளவுக்குப் போனது. அந்த வரலாறு முற்றாக முடிந்துவிட்டது என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. சட்டத்தின் கண்ணில் ஊருக்குப் போகும் கொடை, நடைமுறையில் ஒரு குறிச்சிக்குள் நின்றுவிடலாம். கணக்கறிக்கையில் அது தெரியாது. அடுத்த குறிச்சிப் பிள்ளைக்கு மட்டும் தெரியும்.

தமிழரின் கொடை வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. சென்னையில் துபாஷியாக இருந்து பெரும் செல்வம் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். உயிலில் கோயில் திருப்பணிகளுக்கும் அறங்களுக்கும் சொத்தை ஒதுக்கியிருந்தார். அந்தச் சொத்து உறவினர் கைகளிலும் வழக்குகளிலும் பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்தது. ஜார்ஜ் நார்ட்டன் என்ற அரசு வழக்கறிஞர் உட்படப் பலருடைய முயற்சியால், நீதிமன்றத்தின் வழியாக மீட்கப்பட்டு, கோயில் செலவுக்குப் போக எஞ்சியதில் 1842இல் பள்ளிக்கூடம் தொடங்கியது. அதுவே பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்து பல தலைமுறைகளைப் படிக்கவைத்தது. ஆனால் 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். குடும்பத்தின் கையில் இருந்தவரை அறம் முடங்கிக் கிடந்தது; பொதுக்கைக்கு வந்தபின் தழைத்தது; ஆயினும் கொடையாளியின் வட்டத்தைத் தாண்ட அதற்கு இன்னும் நூறாண்டு பிடித்தது.

விட்டிங்டனின் கதை இங்கே பொருள்படுகிறது. பிள்ளையில்லாத அவர் தம் அறத்தை உறவினரிடம் விடவில்லை. நிறைவேற்றுநர்களில் ஒருவரான ஜான் கார்ப்பென்டர் லண்டன் நகராட்சியின் எழுத்தர். முதியோர் இல்லத்தின் பொறுப்பு மெர்சர்ஸ் என்னும் துணி வணிகர் சங்கத்துக்குப் போனது. அந்த இல்லம் 1820களில் ஆர்ச்வேக்கு வந்தது; சாலை அகலப்படுத்தியபோது 1966இல் சசெக்ஸ் எல்லையருகே உள்ள ஃபெல்பிரிட்ஜுக்கு நகர்ந்தது. இடம் மாறினாலும் பணி அறுபடவில்லை. கார்ப்பென்டரும் தம் பங்குக்கு நான்கு ஏழைப் பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைக்க நிலம் எழுதிவைத்தார். நகராட்சி அதைக் காத்து வளர்த்ததால், நான்கு பிள்ளைகளுக்கான அந்தக் கொடை 1837இல் ஒரு முழுப் பள்ளியாகத் திறந்தது.

அமைப்பின் கையில் விட்டால் எல்லாம் பாதுகாப்பு என்பதும் இல்லை. விட்டிங்டன் பணத்தில் 1425 அளவில் எழுந்த கில்ட்ஹால் நூலகத்தின் புத்தகங்களை, 1549இல் ஆட்சிப்பொறுப்பில் இருந்த சோமர்செட் கோமகன் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோனார். திருப்பித் தரவில்லை. அடுத்த நூலகம் அங்கே அமைய 1820கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூலகத்தை இழப்பது என்றால் என்ன என்று ஈழத்தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 யூன் முதலாம் திகதியையொட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 அளவிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. ஆகவே எழுத்தறிவுக்குக் கொடுப்பது எங்களுக்கு ஓர் உணர்ச்சிக் கடமை. அந்த உணர்ச்சி எதை வாங்கிக் கொடுக்கிறது என்பது அடுத்து எழும் கேள்வி.

குடும்ப அறக்கட்டளைகளின் செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை: கற்றல் உபகரணங்கள் வழங்கல், புத்தகப்பை வழங்கல், துவிச்சக்கரவண்டி வழங்கல், கட்டடத் திறப்பு. பெரும்பாலும் ஒரு நினைவு நாளையோ பிறந்த நாளையோ முன்னிட்டு நடப்பவை. மறைந்தவருக்கு முப்பத்தோராம் நாள் நினைவுமலர் அச்சிட்டுக் கொடுத்த சமூகம், அந்த நினைவைப் பிள்ளைகளின் கொப்பியாக மாற்றியது நல்ல மாற்றமே. தூரத்திலிருந்து நடந்துவரும் பிள்ளைக்குச் சைக்கிள் கொடுத்தால் அது பாடசாலைக்கு வரும். ஆனால் வந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா?

கென்யாவில் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்த திட்டமொன்றைப் பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்தனர். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த மாணவர்கள் மட்டுமே பயன் பெற்றார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. மாறாக, 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, பிள்ளைகளை வகுப்புப்படி அல்லாமல் வாசிப்புத் திறன்படி குழுக்களாகப் பிரித்து, உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றிக் கற்பித்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் துஃப்லோ ஆகியோரின் ஆய்வுகள் அதில் தெளிவான முன்னேற்றத்தைக் கண்டன. இந்த மூவரும் 2019இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். பொருள் கொடுப்பது தன்னளவில் வாசிப்பைக் கற்றுத்தராது. பின்தங்கிய பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அது நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஒருவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்குத் திறப்பு விழா கிடையாது. குடும்ப அறக்கட்டளை தடுமாறும் இடம் இது. கட்டடத்தில் அம்மாவின் பெயரைப் பொறிக்கலாம். மாலைநேர வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித்தரும் பெண்ணின் ஊதியத்தில் எந்தப் பெயரைப் பொறிப்பது? வெளிநாட்டுக் காசில் எழுந்த வாசிகசாலை மண்டபம் பளபளக்க, உள்ளே நூலகரும் இல்லாமல், பிள்ளைகள் விரும்பும் புதிய தமிழ் நூல்களும் இல்லாமல் போவது இதனால்தான். லண்டன் வீட்டு அலமாரியைக் காலிசெய்து பெட்டிகளில் அனுப்பும் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பாது. ரூம் டு ரீட் போன்ற அமைப்பு இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களை அங்கேயே எழுதுவித்து, வரைவித்து வெளியிடுவது இதற்கு நல்ல எதிர்க்காட்டு.

அடுத்தது விளம்பரம். பை வாங்கும் பிள்ளை, அருகில் பதாகை, பதாகையில் மறைந்தவரின் படம். கொடுத்தவருக்கு அது கணக்குக்கான சான்று. வாங்கிய பிள்ளைக்கு அது வறுமையின் சான்றிதழ். பத்து ஆண்டுகள் கழித்தும் முகநூலில் அழியாமல் கிடக்கும். பெரிய அளவில் இது எப்படித் திரும்பும் என்பதை 2017 காட்டியது. லைக்கா குழுமத்தின் சுபாஸ்கரன் அல்லிராஜா தம் தாயார் பெயரில் நிறுவிய ஞானம் அறக்கட்டளை, வவுனியாவில் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 150 வீடுகள் கட்டியது. கையளிப்பு விழாவுக்கு ரஜினிகாந்த் வருவதாக இருந்தது. தமிழகக் கட்சித் தலைவர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர் பயணத்தைக் கைவிட்டார். அந்த நாட்களில் நடந்த வாதம் முழுவதும் நடிகர் போகலாமா கூடாதா என்பதைச் சுற்றியே ஓடியது. வீடுகள் பயனுள்ள கொடை. ஆனால் அவற்றில் குடியேறுபவர்கள் செய்தியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

கடைசியாக, காலம். அறக்கட்டளையைத் தொடங்கியவருக்கு இப்போது அறுபதோ எழுபதோ. லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் பாடசாலை விடுமுறையில் பார்த்த ஓர் இடம்; அதிபரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அவர்களில் பலருக்கு நீதியுணர்வு பெற்றோரைவிடக் கூர்மையாகவே இருக்கிறது. ஆனால் அது அந்த ஒரு ஊரோடு கட்டுப்பட்டதல்ல. இந்நிலையில் வங்கியின் நிலையான கட்டளையால் மாதாமாதம் போகும் பணம் ஒருநாள் நின்றால், அதை நம்பி வேலை செய்த தொண்டர் ஆசிரியரும் அவரை நம்பியிருந்த வகுப்பும் நின்றுவிடும். போருக்குப் பிந்திய கொடையின் பெரும்பகுதி ஒரு தலைமுறையின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது.

இந்த விமர்சனங்களுக்கு ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. "எங்கள் பணம், எங்கள் ஊர். நாங்கள் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பார்கள்? அரசா?" இலங்கையில் 1940களிலிருந்து கல்வி இலவசம், ஆனால் இலவசக் கல்வி என்ற கொள்கை ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்கு ஆசிரியரைக் கொண்டுவருவதில்லை. குறையுள்ள கொடையும் கொடையின்மையை விட மேல் என்பதை ஏற்கிறேன். ஆயினும் வெளிநாட்டுப் பணம் ஒவ்வொரு ஓட்டையையும் அமைதியாக அடைத்துக்கொண்டே போனால், வலயக் கல்விப் பணிமனை தன் கடமையைச் செய்யத் தேவையில்லாமல் போகும். கிரெடிட் கார்டும் வீட்டுக்கடனும் கட்டிக்கொண்டு லண்டனில் உழைத்து அனுப்பும் காசு, அரசின் கடமைக்குப் பதிலாகப் போய் விழும்.

ஆண்ட்ரூ கார்னகி இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். ஆர்ச்வேயிலிருந்து ஹாலோவே சாலையில் இறங்கிப் போனால் வரும் இஸ்லிங்டன் மைய நூலகம் 1907இல் அவர் பணத்தில் எழுந்தது. உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு அவர் கொடுத்தார். கட்டடத்துக்கு அவர் பணம். நிலத்துக்கும் நடத்தும் செலவுக்கும் உள்ளூராட்சி பொறுப்பு. தொழிலாளரிடம் கடுமையாக நடந்துகொண்ட முதலாளி அவர் என்பது வேறு கணக்கு. அந்த நிபந்தனையோ சரியானது. கொடை உள்ளூராட்சியை அதன் கடமையிலிருந்து விடுவிக்கவில்லை, கடமையோடு கட்டிப்போட்டது.

ஆகவே என் முடிவு இதுதான். கொடுக்க வேண்டும் என்பதை உறவு முடிவுசெய்யட்டும். எங்கே, எதற்கு என்பதை உறவில்லாதவர்கள் முடிவுசெய்யட்டும். நடைமுறையில் இது கடினமல்ல. நிர்வாகக் குழுவில் குடும்பத்தார் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒருவராவது அந்த மாவட்டத்தில் கற்பிப்பவராக இருக்க வேண்டும். சொந்தப் பாடசாலைக்கு ஒரு ரூபாய் போனால், பழைய மாணவர் சங்கம் இல்லாத ஒரு பாடசாலைக்கும் ஒரு ரூபாய் போக வேண்டும். பொருளுக்கு முன் ஆள்: ஒரு கட்டடத்தின் விலையில் எத்தனை ஆண்டு ஒரு வாசிப்பு ஆசிரியரை வைத்திருக்கலாம் என்று கணக்குப் பார்த்த பிறகே அடிக்கல். பிள்ளையின் முகம் எந்தப் படத்திலும் வேண்டாம். கிராமமோ வலயமோ தன் பங்கை எழுத்தில் தராமல் எந்தத் திட்டமும் தொடங்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு அறக்கட்டளையும் தன் கையளிப்பு ஆண்டைத் தொடக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும். பத்தாண்டோ பதினைந்தாண்டோ கழித்து எந்த உள்ளூர் அமைப்பு இதை நடத்தும், அதற்குள் அதை எப்படித் தயார்செய்வது என்பது முதல் ஆண்டறிக்கையிலேயே இருக்கட்டும். அப்படிக் குறிக்கத் தயங்கும் குடும்பம், தான் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கிறதா, தன் பெயரின் ஆயுளுக்குக் கொடுக்கிறதா என்பதைத் தன் அடுத்த கூட்டத்தில் முதல் விடயமாக எடுத்துப் பேசுவது நல்லது.